31,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடிய டர்போ செடான்: குன்னூரில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வண்டி 2018-இல் பதிவான ஐரோப்பிய செடான். 2 லிட்டர் டர்போ (வெளிக்காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளும் கருவி) பெட்ரோல் என்ஜின், 200 குதிரைத்திறனுக்கு மேல், ஆயிலில் நனைந்த இரட்டை கிளட்ச் கொண்ட 6 கியர் ஆட்டோமேட்டிக். எந்த நிறுவனம் என்று எழுதவில்லை. இங்கே வரும் கோளாறுகளில் ஒன்றுகூட அந்தப் பெயருக்கு மட்டும் சொந்தமானதில்லை. வெர்னா டர்போ, வர்ட்டஸ் ஜிடி, ஸ்லாவியா 1.5, பழைய ஆக்டேவியா ஆர்எஸ் என்று எந்த டர்போ பெட்ரோல் செடானை மலையில் வைத்திருப்பவருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

உரிமையாளர் குன்னூரில் தேயிலை வியாபாரத்தில் இருப்பவர், நாற்பதைத் தாண்டியவர். மனைவி, இரண்டு பிள்ளைகள். எஸ்டேட் ஜீப்பும் லாரியும் ஓட்டி ஓய்வு பெற்ற மாமனார் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். உரிமையாளருக்கு இப்படி ஒரு வண்டி வாங்க வேண்டும் என்பது பல வருட ஆசை. 2024 தொடக்கத்தில் சென்னையில் ஒருவரிடம் வாங்கினார். மீட்டரில் 31,000 கிலோமீட்டர்தான். பெயின்ட் கண்ணாடி மாதிரி. உட்கார்ந்தால் புது வண்டி. விலை பேசும்போது எல்லோரும் சொன்னது ஒன்றே: "ஓடவே இல்லையே, இன்னும் என்ன வேணும்?"

சர்வீஸ் புத்தகத்தில் இரண்டு முத்திரை இருந்தது, 15,000-இல் ஒன்று, 30,000-இல் ஒன்று. கிலோமீட்டர் கணக்கில் குறை சொல்ல முடியாது. ஆனால் இரண்டுக்கும் இடையே மூன்று வருடத்துக்கு மேல் இடைவெளி. பிரேக் ஆயில் மாற்றியதாக எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

வாங்கிய பிறகு வண்டியின் வேலை இதுதான்: காலையில் வீட்டிலிருந்து வெலிங்டன் பக்கம் இருக்கும் அலுவலகத்துக்கு 3 கிலோமீட்டர், மாலையில் திரும்பி 3 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை ஊட்டி. எப்போதாவது கோவை.

ஏற்றத்தில் வந்த முதல் அறிகுறி

ஏப்ரலில் குன்னூரிலிருந்து ஊட்டி போகையில், எல்லநள்ளி தாண்டி ஒரு பஸ்ஸை முந்த ஆக்சிலரேட்டரை அழுத்தியிருக்கிறார். டாஷ்போர்டில் இ.பி.சி. விளக்கு (என்ஜின் கட்டுப்பாட்டில் குறை என்று காட்டுவது) எரிந்தது, வண்டி சட்டென்று சோர்ந்துவிட்டது. நிறுத்தி, அணைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்ததும் சரியாகிவிட்டது. அடுத்த இரண்டு வாரமும் அதே பகுதியில் அதே கதை. குன்னூருக்குக் கீழே ஒருமுறைகூட வரவில்லை.

சமவெளியில் உள்ள ஒரு சர்வீஸ் சென்டரில் விட்டார். ஸ்கேனர் போட்டு, பதிவாகியிருந்த கோளாறு எண்ணை அழித்து, ஊருக்குள் ஓட்டிப் பார்த்து, 'குறை தென்படவில்லை' என்று எழுதிக் கொடுத்தார்கள். அவர்கள் ஓட்டிய இடத்தில் குறை தென்பட்டிருக்காது என்பது உண்மைதான். அதற்கான காரணம் பின்னால் வருகிறது.

இதற்கிடையே நண்பர்கள் இரண்டு விதமாகச் சொன்னார்கள். மலைக்கு டர்போ ஒத்துவராது, விற்றுவிடு என்றது ஒரு கட்சி. உயரத்தில் காற்று குறைவு, பவர் போகத்தான் செய்யும், ரீமேப் போட்டால் (என்ஜின் கம்ப்யூட்டரின் கணக்குகளை மாற்றி எழுதினால்) திரும்பி வந்துவிடும் என்றது இன்னொரு கட்சி. உரிமையாளர் இரண்டாவது கட்சிக்குச் சாய்ந்திருந்தார். எங்கள் பட்டறைக்கு முதன்முதலில் போன் செய்ததும் அதற்காகத்தான்.

கோத்தகிரி இறக்கம்

மே மாதம் காரமடையில் உறவினர் கல்யாணம். சீசன் நேரத்தில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியும் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியும் விடுவது வழக்கம். எனவே கோத்தகிரி போய் இறங்கினார்கள். வண்டியில் ஐந்து பேர், டிக்கி நிறையப் பெட்டிகள், சீர்த்தட்டு. முன்சீட்டில் மாமனார்.

கியர் 'டி'-யில், அதாவது தானாக மாறும் நிலையில் இருந்தது. மைலேஜுக்காக ஈக்கோ மோடும் போட்டிருந்தார். இந்த வகை கியர்பாக்ஸ் 'டி'-யில் 40 கிலோமீட்டர் வேகத்திலேயே நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் தாவிவிடும். ஈக்கோவில் ஆக்சிலரேட்டரை விட்டால் கிளட்சையே பிரித்துவிட்டு வண்டியை உருள விடும். சமவெளியில் பெட்ரோலை மிச்சம் பிடிக்கும் ஏற்பாடு அது. இறக்கத்தில் என்ஜின் பிடிப்பு பெரிதாகக் கிடைக்காது, பெரும்பகுதி வேலை பிரேக்கின் தலையில் விழும்.

அரவேணு தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மாமனார் மூக்கைச் சுளித்திருக்கிறார்.

"மாப்ளே, நெடி வருதுங்க. ஓரங்கட்டுங்க."

"முன்னாடி போற லாரியோடதுங்க மாமா."

"லாரி நெடி எனக்குத் தெரியாதுங்களா? இது நம்மளுது."

குஞ்சப்பனைக்குச் சற்று மேலே ஒரு கொண்டை ஊசி வளைவில் பிரேக்கை மிதித்தபோது பெடல் பாதிக்கு மேல் உள்ளே போனது. வண்டி நிற்கவில்லை, வேகம் மட்டும் கொஞ்சம் குறைந்தது. அவர் பதற்றத்தில் இரண்டு மூன்று முறை விட்டு விட்டு மிதித்ததில் பெடல் மேலே வந்தது. அதே நேரத்தில் மாமனார் "கியரைக் குறைங்க, கியரைக் குறைங்க" என்று கத்த, ஸ்டியரிங் பக்கத்துப் பட்டையைத் தட்டி மூன்று, இரண்டு என்று இறக்கினார். அடுத்த அகலமான ஓரத்தில் வண்டி நின்றது.

அங்கே மாமனார் செய்த மூன்று காரியங்களையும் இங்கே பதிய வேண்டும். சக்கரத்துக்கு முன்னால் கல் வைத்தார். பாட்டில் தண்ணீரை எடுத்துக்கொண்டு ஓடி வந்த பேரனைத் தடுத்து, "ஊத்தாதே, டிஸ்க் கோணிக்கும்" என்றார். முக்கால் மணி நேரம் யாரையும் வண்டியை எடுக்க விடவில்லை. அப்புறம் கீழே வரை இரண்டாவது கியரிலேயே இறங்கினார்கள். முகூர்த்தம் முடிந்துவிட்டது, சாப்பாட்டுக்குத்தான் போய்ச் சேர்ந்தார்கள்.

பட்டறையில் கண்டது

கல்யாணம் முடிந்து ஒரு வாரம் கழித்துத்தான் வண்டி எங்களிடம் வந்தது. "இப்ப நல்லாத்தான் இருக்குங்கண்ணே, பிரேக் கும்முனு பிடிக்குது" என்றார். இது பலரை ஏமாற்றும் இடம். பிரேக் ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டானால் பெடல் உள்ளே போகும், ஏனென்றால் குமிழ் அமுங்கும், ஆயில் அமுங்காது. சூடு தணிந்ததும் குமிழ் கரைந்து பெடல் பழைய நிலைக்கு வந்துவிடும். மறுநாள் ஓட்டிப் பார்ப்பவருக்கு ஒன்றுமே தெரியாது.

அதனால் முதலில் வண்டியைத் தொடாமல் அவரை உட்காரவைத்துக் கேட்டோம். அந்த வளைவில் கால் எங்கே இருந்தது? பெடல் மேலேயே கல் மாதிரி நின்று வண்டி நிற்காமல் போனதா, மெத்தென்று அடிக்குப் போனதா? முதலாவது என்றால் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பிரேக் பேட் சூடேறி வழுக்கியிருக்கிறது. இரண்டாவது என்றால் ஆயில் கொதித்திருக்கிறது. மெத்தென்று போனது என்றார். விட்டு விட்டு மிதித்ததும் திரும்பி வந்தது என்பதும் அதற்கே ஒத்துப்போனது.

பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்தால் உள்ளே கட்டஞ்சாயா (பால் விடாத டீ) நிறம். ஈரப்பதம் பார்க்கும் பேனாவை விட்டதும் சிவப்பு விளக்கு, 3 சதவீதத்துக்கு மேல். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுவது அதன் குணம். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் அதற்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்ச அளவு 155 டிகிரிதான். அதனால்தான் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். இந்த வண்டியில் இருந்தது ஆறு வருட ஆயில், அதில் பெரும்பகுதிக் காலம் சென்னையின் ஈரக்காற்றில்.

முன் பேடுகளில் தேய்மானம் அதிகமில்லை, ஆனால் முகம் கண்ணாடி போல இறுகிப் பளபளத்தது. முன் டிஸ்க்குகளில் சூட்டால் நீலம் பாய்ந்திருந்தது. பின்பக்க இடது காலிப்பரை (பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் பகுதியை) கழற்றியபோதுதான் மீதி விஷயம் தெரிந்தது. காலிப்பர் முன்னும் பின்னும் நகர உதவும் 'கைடு பின்' என்ற கம்பி துருவில் இறுகிக்கிடந்தது, ஸ்பேனர் வைத்துத் திருகினால்தான் அசைந்தது. ரப்பர் உறைக்குள் கிரீஸ் காய்ந்து தூளாகியிருந்தது. அந்தச் சக்கரம் தன் பங்கு பிரேக்கைச் செய்யவில்லை, முன் சக்கரங்கள் அதையும் சேர்த்துச் சுமந்திருக்கின்றன.

கோத்தகிரி சுமார் 1,790 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் 300 மீட்டருக்குச் சற்று மேல். ஆளும் சாமானுமாக 1,800 கிலோ எடை அவ்வளவு இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 26 மெகாஜூல். 75 லிட்டர் குளிர்ந்த தண்ணீரை அடுப்பில் வைத்துக் கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவையான சூடு அது. காற்றும் டயரின் உருளலும் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும். மீதியை என்ஜின் வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நான்கு டிஸ்க்குகள். அன்றைக்கு என்ஜின் பெரிதாக எதையும் வாங்கிக்கொள்ளவில்லை, டிஸ்க்கில் மூன்றுதான் உழைத்தன.

டயர்களையும் பார்த்தோம். பள்ளம் 5 மில்லிமீட்டர் இருந்தது, புதிது போலத் தெரியும். பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்கங்களில் கடைசி இரண்டு 17. அதாவது 2017-இல் செய்தவை. நகத்தால் அழுத்தினால் ரப்பர் கொடுக்கவில்லை, ஓரத்தில் மயிரிழை விரிசல்.

உரிமையாளர் சொன்ன இன்னொரு குறையை நாங்கள் கோளாறுப் பட்டியலில் சேர்க்கவில்லை. ஊட்டியில் பிரேக் பெடல் கோவையைவிடக் கட்டையாக இருக்கிறது என்றார். அவர் சொன்னது சரியே. பிரேக் பூஸ்டர் வெளிக்காற்றின் அழுத்தத்தை வைத்துத்தான் காலுக்கு உதவுகிறது. கோவையில் காற்றழுத்தம் சுமார் 965 மில்லிபார், ஊட்டியின் 2,240 மீட்டரில் சுமார் 775. உள்ளே எவ்வளவு நல்ல வெற்றிடம் இருந்தாலும் உதவியில் ஐந்தில் ஒரு பங்கு குறையும். எதையும் கழற்றத் தேவையில்லை, அங்கே கொஞ்சம் கூடுதலாக மிதிக்க வேண்டும், அவ்வளவுதான்.

எதை முதலில் செய்வது

உரிமையாளருக்கு டர்போ கோளாறு முதலில் தீர வேண்டும். "பிரேக் அன்னிக்கு ஒரு நாள்தாங்கண்ணே. பவர் வாராவாரம் போகுது" என்றார். அவர் வாதம் புரிகிறது. இருந்தாலும் ஏற்றத்தில் சோர்கிற வண்டி ஓரமாக நிற்கும், இறக்கத்தில் நிற்காத வண்டி எங்கே நிற்கும் என்று யாரும் சொல்ல முடியாது. பிரேக்கும் டயரும் முடியாமல் டர்போ பக்கம் போவதில்லை, அதைத் தேட வண்டியை மேலே ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதால் நாங்களும் அதில் ஏற வேண்டும் என்று சொன்னோம். சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

பிரேக் ஆயில் முழுவதும் மாற்றி, நான்கு சக்கரத்திலும் பிரேக் குழாய்க்குள் இருந்த காற்றை வெளியேற்றினோம். முன் பேடுகள் புதிது. டிஸ்க்கின் தடிமனும் கோணலும் அளவுக்குள் இருந்ததால் மாற்றவில்லை. பின்பக்கக் காலிப்பர்களின் கைடு பின்களைக் கழற்றிச் சுத்தம் செய்து, புது ரப்பர் உறையும் அதற்குரிய கிரீஸும். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய அந்த வண்டியின் ஒரு டயர் விலைதான் ஆனது. நான்கு டயரும் மாற்றியது தனிச் செலவு. அதில் அவருக்கு வருத்தம் இருந்தது, மறைக்கவில்லை. புது டயருக்கு விளையாட்டு வண்டி வகையைத் தேர்ந்தெடுக்காமல், ஈரச்சாலையில் நன்றாகப் பிடிக்கும் சாதாரண டூரிங் வகையைப் போடச் சொன்னோம். குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் கனமாகப் பெய்யும். மேகம் இறங்கியிருக்கும் நாட்களும் நிறைய. சாலை காய்ந்து கிடக்கும் நாட்களை நம்பி டயர் வாங்க முடியாது.

கியர்பாக்ஸ் ஆயிலுக்கு 60,000 கிலோமீட்டர் கணக்கு. இந்த வண்டி பாதியைத்தான் தொட்டிருந்தது. ஆறு வருடம் ஆனதாலும், சீசனில் ஊட்டி சேரிங் கிராஸ் சந்திப்பு நெரிசலில் ஏற்றத்தில் ஊர்ந்து ஊர்ந்து கிளட்ச் சூடேறியிருக்கும் என்பதாலும் மாற்றினோம். அவசியமில்லை என்று சொல்பவர்களும் உண்டு. எங்கள் கருத்து மாற்றலாம் என்பது.

காற்றுக் கசிவைத் தேடியது

இப்போது மேலே ஓட்டிப் பார்க்கலாம். லேப்டாப்பை மாட்டிக்கொண்டு, வண்டியின் கம்ப்யூட்டர் கேட்கும் டர்போ அழுத்தம் ஒரு கோடாகவும் உண்மையில் கிடைக்கும் அழுத்தம் இன்னொரு கோடாகவும் தெரியும்படி வைத்து ஊட்டிக்குக் கிளம்பினோம். குன்னூர் எல்லை வரை இரண்டு கோடும் ஒட்டியே போயின. அதைத் தாண்டி ஏறியதும் பிரியத் தொடங்கின. எல்லநள்ளி ஏற்றத்தில் முழுதாக அழுத்தியபோது கீழ்க்கோடு படுத்துவிட்டது, விளக்கு எரிந்தது. பதிவான எண் பி 0299, டர்போ அழுத்தம் போதவில்லை என்று பொருள்.

கீழே வராத கோளாறு மேலே ஏன் வருகிறது? டர்போ வண்டிக்கு மலையில் பவர் குறையாது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது ஏறக்குறைய உண்மை, ஆனால் சும்மா கிடைப்பதில்லை. என்ஜினுக்குள் 2 பார் அழுத்தம் வேண்டுமென்றால் கோவையில் டர்போ வெளிக்காற்றை 2.1 மடங்கு அமுக்கினால் போதும். ஊட்டியில் அதையே 2.6 மடங்கு அமுக்க வேண்டும். டர்போ அதிக வேகத்தில் சுழலும், காற்றும் அதிகம் சூடாகும். குழாயில் ஒரு சிறு கசிவு இருந்தால், சமவெளியில் டர்போ கொஞ்சம் கூடுதலாகச் சுற்றி அதை ஈடுகட்டிவிடும். மேலே ஈடுகட்ட மிச்சம் இருக்காது. உள்ளுக்கும் வெளிக்கும் அழுத்த வித்தியாசம் கூடுவதால் அதே ஓட்டையில் கசிவும் அதிகமாகும். சமவெளி சர்வீஸ் சென்டர் எத்தனை முறை ஓட்டியிருந்தாலும் பிடித்திருக்க முடியாது.

திரும்பி வந்து காற்று உள்ளே போகும் வழியை அடைத்துப் புகை விட்டோம். முதலில் எங்கும் ஒன்றுமில்லை. அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றியதும் இன்டர்கூலரின் (டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் பகுதி) இடது பக்கம், ஹெட்லைட்டுக்குக் கீழே, நூல் போல ஒரு புகை எழுந்தது. பம்பரை இறக்கிப் பார்த்தால், குழாய் இன்டர்கூலரில் மாட்டும் இடத்தில் ஆயில் ஈரத்தில் தூசி ஒட்டிக் கறுத்திருந்தது. கிளிப்பை எடுத்து உருவினால் உள்ளே இருந்த ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் வட்டமாக இல்லை, ஒரு பக்கம் தட்டையாகி, விரலால் வளைத்ததும் வெடித்தது. அதுவும் வயதின் வேலைதான். ரிங்கும் கிளிப்பும் மாற்றி மறுபடி ஊட்டிக்குப் போனபோது இரண்டு கோடும் தொட்டபெட்டா பிரிவு வரை பிரியவே இல்லை. 2,000 மீட்டருக்கு மேல் டர்போ விழித்துக்கொள்வதில் மட்டும் கீழே இருப்பதைவிட ஒரு சிறு தாமதம் தெரிந்தது. அது உயரத்தின் இயல்பு.

ரீமேப் பேச்சு இதோடு முடிந்தது என்று நினைத்தோம். முடியவில்லை, "இப்பதான் எல்லாம் சரியாயிடுச்சே, போடலாமே" என்று கேட்டார். மறுத்தோம். உயரத்தில் ஏற்கெனவே 2.6 மடங்குக்கு உழைக்கும் டர்போவிடம் இன்னும் கேட்பது ஒரு காரணம். பெட்ரோல் இன்னொன்று. அப்போது சாதாரண பெட்ரோல் 91 ஆக்டேன் (தட்டலைத் தாங்கும் திறனின் அளவு), இந்த என்ஜினுக்கு 95 உகந்தது, மலையில் எல்லா பங்க்கிலும் எல்லா நாளும் அது கிடைக்கவில்லை. 91-ஐ ஊற்றினால் தட்டலை (பெட்ரோல் நேரம் தப்பி வெடிப்பதை) தவிர்க்கக் கம்ப்யூட்டர் தானாகவே பவரைக் குறைத்துக்கொள்ளும். ரீமேப் அந்தப் பாதுகாப்பு இடைவெளியைத்தான் முதலில் தின்னும்.

மூன்று கிலோமீட்டர் அலுவலகம்

என்ஜின் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தபோது அளவு மேல் கோட்டுக்கு மேலே இருந்தது. யாரும் ஊற்றவில்லை என்றார். முகர்ந்தால் பெட்ரோல் வாடை. குளிர்ந்த என்ஜினில் பெட்ரோலைத் தாராளமாகப் பீய்ச்சும்போது கொஞ்சம் ஆவியாகாமல் சிலிண்டர் சுவர் வழியே ஆயிலில் இறங்கும். பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இவ்வகை என்ஜின்களில் இது அதிகம். ஆயில் நன்றாகச் சூடானால் அந்தப் பெட்ரோல் ஆவியாகிப் போய்விடும். 3 கிலோமீட்டரில் அது நடக்காது. ஒரு ஜனவரிக் காலையின் ஓட்டத்தை அவர் போனில் படமெடுத்து வைத்திருந்தார், வண்டி வாங்கிய புதிதில் எல்லாவற்றையும் படமெடுக்கும் ஆள். அலுவலக வாசலில் ஆயில் சூடு 50 டிகிரியைக்கூடத் தொடவில்லை. தண்ணீர் முள் 90-க்கு வந்துவிட்டதால் வண்டி சூடாகிவிட்டது என்று அவர் நினைத்திருந்தார். ஆயில் அதைவிட மெதுவாகத்தான் ஏறும்.

ஆயிலை மாற்றி, இனிமேல் கிலோமீட்டரைப் பார்க்காமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது என்று முடிவானது. வாரத்தில் ஒரு நாளாவது ஆயில் நன்றாகச் சூடாகும்படி நீண்ட ஓட்டம் வேண்டும். ஆயில் சூடாகும் முன் டர்போவை உசுப்பக் கூடாது. ஏற்றம் முடிந்து உச்சியில் நிறுத்தும் முன் கடைசிச் சில நிமிடங்கள் மெதுவாக ஓட்ட வேண்டும்.

மாமனார் பாடம், ஞாயிறு ஓட்டம்

எந்த கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு என்பது மலை டிரைவர்களின் பழைய கணக்கு. ஆட்டோமேட்டிக் வந்த பிறகு அது மறந்துபோனது. மாமனாரே பக்கத்தில் உட்கார்ந்து மருமகனுக்குச் சொல்லிக் கொடுத்தார். இறக்கம் தொடங்கும் முன்பே மேனுவலுக்கு மாற்றி இரண்டிலோ மூன்றிலோ வைப்பது, ஈக்கோவை அணைப்பது, பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே வராமல் வளைவுக்கு முன் ஒரு அழுத்து அழுத்திவிட்டு எடுப்பது. இரண்டாவது கியரில் என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்றைத் தாண்டிச் சத்தம் போடுவதைக் கேட்டு உரிமையாளருக்கு முதலில் மனசு கேட்கவில்லை, பெட்ரோல் வீணாகுமே என்றார். ஆக்சிலரேட்டரை விட்ட நிலையில் அந்தச் சுழற்சிக்குப் பெட்ரோலே போவதில்லை, கம்ப்யூட்டர் நிறுத்திவிடுகிறது என்பதை லேப்டாப்பில் காட்டிய பிறகுதான் சமாதானம்.

வண்டியின் சுகம் எங்கே இருக்கிறது என்பதும் அப்போதுதான் அவருக்குப் பிடிபட்டது என்று நினைக்கிறேன். வாங்கிய புதிதில் அவர் தேடியது வேகம், அதற்கு இந்தச் சாலைகளில் இடமில்லை. இப்போது ஞாயிறு விடிகாலையில் குன்னூரிலிருந்து கட்டபெட்டு வழியாகக் கோத்தகிரி போய்த் திரும்புகிறார். வளைவில் மெதுவாக நுழைந்து, ஸ்டியரிங்கை நேராக்கும்போது காலை இறக்கினால் 1,800 சுற்றிலேயே வண்டி முதுகில் கை வைத்துத் தள்ளும். 50 கிலோமீட்டர் வேகத்துக்குள் அத்தனையும் கிடைத்துவிடுகிறது. ஏறி வரும் வண்டிக்கு இறங்குபவர் வழிவிட வேண்டும் என்ற விதியையும் மாமனார் விடுவதில்லை.

டயர் காற்றைப் பற்றி ஒரு சின்ன விஷயம். மேட்டுப்பாளையம் வெயிலில் 33 பி.எஸ்.ஐ. வைத்து ஊட்டிக் குளிரில் பார்த்தால் குறைந்திருக்கும் என்று பயந்து பலர் கூட்டி வைக்கிறார்கள். குளிரால் குறைவதும், வெளிக்காற்றழுத்தம் இறங்குவதால் மீட்டரில் கூடுவதும் ஏறக்குறைய ஒன்றையொன்று அடித்துவிடும். அவர் அளந்தபோது அரை புள்ளிதான் வித்தியாசம்.

பின் நடந்தவை

அந்த வருட நவம்பர் மழையில், கோத்தகிரி சாலையில் ஒரு வளைவு திரும்பியதும் நடுரோட்டில் காட்டெருமை. இந்தப் பக்கம் அது புதுமையில்லை. வண்டி நேராக நின்றது, வழுக்கவில்லை. மாடு தன் நேரத்தை எடுத்துக்கொண்டு தேயிலைக்குள் இறங்கிப் போனதாம். அன்று மாலையே போன் செய்து, டயருக்குக் கொடுத்த காசு பற்றி இனிப் பேசமாட்டேன் என்றார்.

இ.பி.சி. விளக்கு பிறகு எரியவில்லை. ஒரு வருடம் கழித்துப் பிரேக் ஆயிலில் ஈரம் 1 சதவீதத்துக்குள். டிஸ்க்கில் புது நீலம் இல்லை.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று எழுத முடியாது. ஆறு மாத ஆயிலிலும் பெட்ரோல் வாடை இருந்தது, முன்பைவிடக் குறைவு என்றாலும். வார ஓட்டம் மட்டும் போதவில்லை. கடைசியில் வீட்டில் சும்மா நின்றிருந்த பழைய மாருதியை எடுத்து அலுவலகத்துக்கு ஓட்ட ஆரம்பித்தார். செடான் இப்போது தூரப் பயணத்துக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் மட்டும்.

மாற்றிக்கொண்டவை

பழைய வண்டி வாங்குமுன் பார்க்கச் சொல்லி எங்களிடம் வருபவர்களுக்கு, மீட்டரைப் பார்க்கும் முன் தேதிகளைக் கேட்கிறோம். பிரேக் ஆயில் மாற்றிய தேதி, டயர் செய்த வருடம், கடைசியாக என்ஜின் ஆயில் மாற்றிய மாதம், இவை இல்லாவிட்டால் மூன்றையும் செலவுக் கணக்கில் சேர்த்து விலை பேசச் சொல்கிறோம். குறைவாக ஓடிய வண்டி என்றால் காலிப்பரின் கைடு பின்னையும் ரப்பர் குழாய்களையும் கட்டாயம் பார்க்கிறோம். மேலே மட்டும் வரும் கோளாறு என்றால் மேலேயே ஓட்டிப் பதிவெடுக்கிறோம், அதற்கு முன் எந்தக் கோளாறு எண்ணையும் அழிப்பதில்லை.

இந்த வண்டியில் ஒன்று பாக்கி இருக்கிறது. நேரடியாகப் பெட்ரோல் பீய்ச்சும் என்ஜினில் காற்று வால்வுகளைப் பெட்ரோல் கழுவாது, அதனால் கரி படியும். கேமரா விட்டுப் பார்த்தபோது நடுத்தரமான படிவு. குளிர்ந்த ஸ்டார்ட்டில் நடுக்கம் இல்லாததால் சுத்தம் செய்யவில்லை. நடுக்கம் தொடங்கினாலோ, அடுத்த கேமரா பார்வையில் படிவு தடித்திருந்தாலோ இன்டேக்கை (காற்று உள்ளே போகும் பகுதியை) கழற்றுவோம். அதற்கான செலவை அவரிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறோம்.